எமன் எட்டிப் பார்த்த ஜன்னல்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே பன்வில மேல்கணக்குத் தேயிலைத் தோட்டத்தில் திருவிழாக் கூட்டம். தேரும் இல்லை, காவடியும் இல்லை. வேனில் வந்து இறங்கியவர் வாஸ்துச் செம்மல் சதீஸானந்தா. கழுத்தில் மூன்று சுற்று உருத்திராட்சம். இடது கையில் பித்தளைத் திசைகாட்டி. வலது கையில் பச்சைக் கல் பதித்த, நெல்லிக்காய் பருமனில் ஒரு மோதிரம்.

அவர் ஒரு வாசலைத் திருப்பி வைத்தால் பரீட்சையில் பெயிலான பிள்ளை பாஸாகும், ஓடிப்போன மாடு திரும்பி வரும், மாமியாரும் மருமகளும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள் என்று கம்பளை வரைக்கும் பேச்சு. மாட்டுக்கு வாசல் திரும்பிய செய்தியை யார் போய்ச் சொன்னார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் தோஷமாம்.

அன்று சாமி சோதிக்க வந்தது வீரம்மாவின் வீட்டை. கூரை ஏறாத வீடு. வீரம்மா முப்பது வருஷம் கொழுந்து பறித்தவள். அவள் பிறந்து வளர்ந்த, தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு மேலே மலை வெடித்து, வாய் பிளந்து நின்றது. மழைக்கு முன்னால் காலி செய்யச் சொல்லி அதிகாரிகள் சிவப்புத் தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். வீடு கட்டக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் அளவில் காணி கிடைத்தது. சுவர் எழுந்துவிட்டது. மிச்சம் இருப்பது பத்து மூட்டை சீமெந்து. சுவரின் தலையைச் சுற்றி கொங்கிரீட் போட அதுதான் கணக்கு. அது போடாமல் தகரம் ஏறாது. தகரம் ஏறாவிட்டால் மழைக்கு அவள் அந்த லயத்தில்தான் கிடக்க வேண்டும்.

வீட்டுக்குப் படம் வரைந்து கொடுத்தவள் கிருஷாந்தி, கண்டியில் கட்டடப் படம் வரையும் பெண். காணியில் வெட்டிய மண்ணிலேயே கொஞ்சம் சீமெந்து கலந்து, கையால் அழுத்தும் மெசினில் கல் அறுக்க வைத்தாள். வீரம்மா வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதனால் ஒரு சுவரின் கல்லும் சீமெந்தும் மிச்சம். சாரல் மண் சுவரில் அடிக்காமல் கூரையை இரண்டு அடி வெளியே இழுத்தாள். ஜன்னலுக்கு நேர் எதிரே இன்னொரு ஜன்னல்.

"காத்து ஒரு பக்கமா வந்தா மறுபக்கமா போக வழி வேணும் அக்கா. இல்லாட்டி அது எதுக்கு வரணும்?" என்று அவள் கேட்டது வீரம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. நியாயம்தானே, போக வழியில்லாத வீட்டுக்கு யார் வருவார்கள்?

சாமியைக் கூட்டி வந்தவன் பக்கத்து வீட்டுச் சந்திரகுமார், ஆட்டோ ஓட்டுகிறவன். நடுச்சுவரின் மறுபக்கம் அவனுடையது. இரண்டு மாதத்துக்கு முன்பே குடிபோய்விட்டான். அப்போதே சாமி வந்து பார்த்து, ஜன்னல் வழியாக எமன் எட்டிப் பார்க்கிறான் என்று சொல்ல, இரண்டு ஜன்னலையும் கல் வைத்து அடைத்துவிட்டான். எமன் வரவில்லை. வெளிச்சமும் வரவில்லை. நடுப்பகலில் பல்பு எரிந்தது. சுவரில் பச்சைப் பூஞ்சணம். சின்னப் பிள்ளைக்கு ஓயாத இருமல். மறுபடி சாமியிடம் ஓடினான். அவர் மனமிரங்கி "வாயு பகவான் யந்திரம்" ஒன்றை விற்றார். பெட்டியைப் பிரித்தால் உள்ளே சுவரில் மாட்டும் மின்விசிறி, நடுவில் ஓம் ஸ்டிக்கர். சும்மா வந்த காற்றை அடைத்துவிட்டு அதே காற்றைப் பெட்டியில் போட்டு விற்கிற திறமை எல்லாருக்கும் வாய்க்காது.

சாமி வீரம்மாவின் ஜன்னலருகே நின்று கண்ணை மூடினார். திசைகாட்டியை இடது கையில் ஏந்தி, வலது கையை அதன் மேல் ஆசீர்வாதமாகச் சுழற்றினார். சிவப்பு முள் நடுங்கியது. பிறகு சட்டென்று திரும்பித் தெற்கே நின்றது. கூட்டம் "ஐயோ!" என்றது.

"பார்த்தீங்களாம்மா? எமன் உங்க வீட்டையே முறைச்சுப் பார்க்கிறான். ரெண்டு ஜன்னலையும் அடைங்க. நடுச்சுவரு ஆகவே ஆகாது, ரெண்டு குடும்பத்து விதி ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஒழுகும். தனிச்சுவரு எழுப்புங்க. கல்லு என் மச்சான்கிட்ட பூஜை போட்டே கிடைக்கும்."

"சீமெந்து பத்து மூட்டைதான் இருக்குங்க சாமி. கூரைக்கு வச்சிருக்கேன்."

"உயிர் முக்கியமா, கூரை முக்கியமா?"

"அக்கா, சாமி சொல்றதைக் கேளுங்க. உங்க தோஷம் என் வீட்டுப் பக்கமும் வருதாம்," என்றான் சந்திரகுமார்.

வீரம்மாவும் பயந்துதான் போனாள். பொய் சொல்வானேன்? முள் திரும்பியதை அவளும் கண்ணால் பார்த்தாள். "இன்னொரு தடவை பாருங்க சாமி," என்று கெஞ்சினாள். சாமி பெருந்தன்மையோடு மறுபடி கையைச் சுழற்றினார். எல்லாரும் முள்ளைப் பார்த்தார்கள். வீரம்மா மட்டும் கையைப் பார்த்தாள்.

அது அவளுடைய முப்பது வருஷப் பழக்கம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் புதுசாக வந்தவர்கள்தான் தராசு முள்ளைப் பார்ப்பார்கள். பழையவர்கள் நிறுக்கிறவரின் கையைப் பார்ப்பார்கள், முழங்காலைப் பார்ப்பார்கள். கூடைக்கு அடியில் ஒரு விரலோ முழங்காலோ முட்டுக் கொடுத்தால் இரண்டு கிலோ காணாமல் போகும். அதனால்தான் மேல்கணக்கில் ஒரு வழக்கம்: கூடை தொங்கியதும் நிறுக்கிறவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். பெண்கள் சண்டை போட்டு வாங்கிய வழக்கம் அது.

மோதிரம் கிட்டே வந்தால் முள் திரும்புகிறது. மோதிரம் விலகினால் முள் பழையபடி வடக்கே இருக்கும் தேயிலை ஆலையின் புகைக்கூண்டைப் பார்க்கிறது. வீரம்மாவின் பயம் போய்விட்டது.

"சாமி, அந்தத் திசைகாட்டியைக் கல்லு மேல வச்சிட்டு கையைப் பின்னால கட்டிக்கங்க."

"என்னம்மா சொல்றீங்க?"

"தப்பா நினைக்காதீங்க. எங்க தோட்டத்துல நிறுவைன்னா அப்படித்தான். நீங்களும் எங்க ஜன்னலைத்தானே நிறுக்கிறீங்க?"

கொழுந்து பறிக்கும் பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். இந்தப் பாஷை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். "ஆமா சாமி, கையை எடுங்க!" என்று நாலு குரல் வந்தது.

சாமி வேறு வழியில்லாமல் கையைக் கட்டினார். ஜன்னலருகே வைத்தார்கள்: முள் புகைக்கூண்டைப் பார்த்தது. நடுச்சுவரருகே வைத்தார்கள்: புகைக்கூண்டு. சந்திரகுமாரின் இருட்டு வீட்டுக்குள் கொண்டுபோய் டோர்ச் அடித்துப் பார்த்தார்கள்: அதே புகைக்கூண்டு. எமன் ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டிருந்தான்.

"பொம்பளைங்க கண்ணு பட்டுச்சு. சக்தி இறங்கிருச்சு," என்றார் சாமி. கூட்டத்தில் பாதிப் பேர் அதற்கும் தலையாட்டினார்கள். தலையாட்ட ஒரு சாக்குக் கிடைத்தால் போதும் நம்மவர்களுக்கு.

வீரம்மா உள்ளே போனாள். ஒரு தட்டில் வெற்றிலையும் பழமும் வைத்து, பணிவாக நீட்டினாள். "கோவிச்சுக்காதீங்க சாமி. வெத்திலையை வாங்கிக்கங்க."

தட்டு என்றதும் சாமியின் கோபம் ஆறிப்போனது. மோதிரக் கையை நீட்டி வெற்றிலையைத் தொட்டார். டிக், டிக், டிக் என்று சத்தம். வெற்றிலைக்கு அடியில் அவள் பரப்பி வைத்திருந்த ஊக்குகள், கொழுந்து பறிக்க மலையேறும்போது சேலை நனையாமல் சுற்றும் படங்கை இடுப்பில் குத்திக்கொள்ளும் இரும்பு ஊக்குகள், தாவி வந்து மோதிரத்தில் கொத்தாகத் தொங்கின. சாமி உதறினார். ஒன்றுகூட விழவில்லை. அப்படியொரு பக்தி!

சந்திரகுமார் கிட்டே வந்து உற்றுப் பார்த்தான். "அட, கல்லுக்கு அடியில இருக்கிறது ஆட்டோவுல போன் ஒட்டி வைக்கிற காந்தமில்ல!" பிறகு, இதுவரை கும்பிட்டுக் குனிந்தே பார்த்த முகத்தையும் உற்றுப் பார்த்தான். "கட்டுகஸ்தோட்டையில எனக்கு அந்தக் காந்தத்தை வித்ததே நீங்கதானே? சதீஸ்குமார்தானே நீங்க?"

வாஸ்துச் செம்மல் வேனை நோக்கி ஓடினார். எந்தத் திசையில் ஓடினால் நல்லது என்று அவர் முள்ளைக் கேட்கவில்லை.

அன்று மத்தியானமே சந்திரகுமார் கடப்பாரை எடுத்து இரண்டு ஜன்னலையும் இடித்துத் திறந்தான். வெயில் உள்ளே விழுந்தது. பல்பை அணைத்தான். ஓம் ஸ்டிக்கர் விசிறியைக் கழற்றிச் சாக்கில் கட்டினான். பிள்ளையின் இருமலை நினைத்தபோது அவனுக்கு வெட்கமாக இருந்தது, அதை வீரம்மாவிடம் சொல்லவும் சொன்னான்.

பத்து மூட்டை சீமெந்தும் போக வேண்டிய இடத்துக்குப் போனது. மூன்றாவது வாரம் தகரம் ஏறியது. ஐந்தாவது வாரம் மழை பிடித்தது. மழையின் ஆறாம் நாள் மலை இறங்கி, லயத்தில் ஆளில்லாத கடைசி இரண்டு காம்பரா அறைகளை விழுங்கியது. ஒன்று வீரம்மாவுடையது. உள்ளே ஒரு பழைய பாய் மட்டும்தான் இருந்தது. அவள் புது வீட்டில், சாரல் படாத ஜன்னலைத் திறந்து வைத்து, பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். மறுநாள் காலையில் அவள் வாசலில் பத்துப் பேர் கைகூப்பி நின்றார்கள்.

"அக்கா, உங்க கையில ஏதோ சக்தி இருக்கு. சாமியையே ஓட வச்சு, மலைக்கும் தப்பிச்சிட்டீங்க. அந்த ஊக்குல ஒண்ணு குடுங்க, வாசல்ல கட்டிக்கிறோம்."

வீரம்மா அவர்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஊக்கு பன்வில கடையில அட்டை அட்டையா தொங்குது, போய் வாங்கிக்கங்க. ஜன்னலைத் திறக்க சந்திரகுமாரு கடப்பாரை குடுப்பான். உங்க மண்டையைத் திறக்க நான் எங்க போயி கடப்பாரை வாங்குவேன்?"