பன்னிரண்டாம் வார்டு மெம்பர்

"பன்னிரண்டாம் வார்டு மெம்பருங்க நான். சட்டையை எதுக்குக் கழட்டணும்?" என்றார் கருத்தக்கண்ணன்.

"வார்டுக்குள்ள போற எல்லாருக்கும் இதான் ரூல். கழட்டுங்கண்ணே," என்றார் வாசலில் நின்ற வார்டுபாய் காளை.

பழங்காநத்தத்தில் கருத்தக்கண்ணன் தெருச் சாக்கடை மூணு வருஷமாக அடைத்துக் கிடந்தது. கார்ப்பரேஷனில் வார்டு ஆலோசனைக் கமிட்டிக்குச் சம்பளமில்லாமல் ஆள் கேட்டதும் வலியப் போய்ப் பெயர் கொடுத்தார். "மெம்பராகியும் சாக்கடை திறக்கலேன்னா எங்கம்மா வீட்டுக்குப் போறேன்" என்று பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள் மனைவி அன்னக்கொடி.

பேரையூரில் ஒரு காதுகுத்துக்குப் போய் ஒரு வாரம் தங்கிவிட்டுத் திரும்பினால் கடிதம் காத்திருந்தது: முதல் கூட்டம், காலை பத்து மணி, பன்னிரண்டாம் வார்டு.

வார்டுக்குள் எந்த இடமென்று எழுதவில்லை. ரிக்‌ஷாக்காரரைக் கேட்டார். "எனக்குத் தெரியாத பன்னிரண்டாம் வார்டா? ஏறுங்க" என்றவர், ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார்.

கூட்டம் முடிகிறவரை மெம்பருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதென்று ஆஸ்பத்திரியிலேயே கூட்டம் வைத்திருக்கிறார்களே, என்ன முன்யோசனை என்று வியந்துபோனார் கருத்தக்கண்ணன். உள்ளே போனால் தனிக் கட்டில். வெள்ளை விரிப்பு. ரொட்டி, பால். நர்சம்மா கையைப் பிடித்து நாடி வேறு பார்த்தாள். பக்கத்துக் கட்டில்களில் மூன்று பேர் மாவுக்கட்டோடு கிடந்தார்கள். கார்ப்பரேஷன் என்றால் ஏழைபாழைக்கும் இடம் கொடுக்கத்தானே வேண்டும்.

பெரிய டாக்டர் வந்தார். "என்ன செய்யுது?"

"அடைப்புங்க. மூணு வருஷமா."

டாக்டரின் பேனா நின்றது. "மூணு வருஷமாவா? நாத்தம் இருக்கா?"

"எதுத்த வீட்டுக்காரன் ஜன்னலே திறக்கறதில்லைங்க."

"எதுக்களிக்குதா?"

"மழை பேஞ்சா மேல வந்துருது. போன மழைக்குச் செத்த எலி வந்துச்சு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டார். "இன்னைக்கே திறந்து சுத்தம் பண்ணிருவோம்."

கருத்தக்கண்ணனுக்குக் கண் கலங்கியது. மூணு வருஷம் மனுப் போட்டும் அசையாதது மூணு நிமிஷத்தில் முடிந்துவிட்டதே. "இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் திறங்கய்யா. குழாயை மாத்துனாலும் சம்மதம்," என்று சொல்லி, டாக்டர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார்.

சவரக் கத்தியோடு வந்தார் காளை. "வேட்டியைக் கொஞ்சம் இறக்குங்கண்ணே. வயித்தைச் சிரைக்கணும்."

"சாக்கடையைத் திறக்க என் வயித்தை எதுக்கு மாப்ள சிரைக்கணும்?"

"திறக்கப் போறதே உங்க வயித்தைத்தானே?"

கருத்தக்கண்ணன் கட்டிலைவிட்டுக் குதித்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்றரை. கூட்டம் எங்கேயோ நடந்து முடிந்திருக்கும். சாக்கடையும் போச்சு, அன்னக்கொடியும் போனாள்.

"வார்டு மாறி வந்துட்டேன் மாப்ள, சட்டையைக் குடு. நான் கார்ப்பரேஷன் வார்டுக் கமிட்டி, பழங்காநத்தம் கருத்தக்கண்ணன்."

பக்கத்துக் கட்டில்காரர் தலையணைக்கு அடியிலிருந்து கமிட்டிக் கூட்டத்து மினிட் நோட்டை உருவினார்.

"உக்காருங்கண்ணே, உங்களுக்காகத்தான் பத்து மணியிலேர்ந்து காத்துக் கெடக்கோம். போன வாரம் உங்க தெருச் சாக்கடையைப் பாக்க வந்த மெம்பருங்க மூணு பேரும் அதுக்குள்ளேயே விழுந்துட்டோம். வேற எந்த வார்டுல கூட்டம் போடச் சொல்றீக?"