நோவிராவுக்குக் கண் திறப்பு விழா

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே போர்வைக்குள் இருக்கும். நோவிராக்காரர்கள் மட்டும் குளித்து முடித்து, கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு, டிரைவிங் ஸ்கூல் மாடிப்படியில் வரிசை கட்டி நிற்பார்கள். பல் டாக்டர் நிற்பார். இன்சூரன்ஸ் ஏஜென்ட் நிற்பார். ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் மடக்கு நாற்காலி கொண்டுவந்து, ஒவ்வொரு படியாக அதை விரித்து உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவார். எல்லாம் எதற்கு? கேமராவுக்குக் கண் திறக்க!

சிரிக்காதீர்கள். சிரித்தால் அவர்களுக்குப் பொல்லாத கோபம் வரும்.

நோவிரா என்பது ஒரு கேமரா கம்பெனி. நல்ல கேமராதான், எனக்கு அதோடு எந்த வாய்க்கால் தகராறும் இல்லை. ஆனால் நோவிரா வைத்திருப்பவரிடம் போய் "நல்ல கேமரா சார்" என்று சொல்லிப் பாருங்கள், பெற்ற பிள்ளையை "பரவாயில்லை" என்று சொன்னதுபோல் முகம் சுருங்கிவிடும். புது மாடலான நோவிரா பத்து வரப்போகிறது என்று ஒரு வதந்தி கிளம்பியதும் இவர்கள் போட்ட ஆட்டம் இருக்கிறதே! யாரோ திருட்டுத்தனமாக எடுத்த படம் என்று ஒன்று போனுக்குப் போன் பறந்தது. படத்தில் ஒரு பெட்டியின் மூலை. அல்லது ஒரு செங்கல். அல்லது யாருடையதோ முழங்கை. அதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் வாதம் நடந்தது. உலகத்திலேயே தெளிவாகப் படம் எடுக்கும் கேமராவைப் பற்றிய ரகசியப் படம் மட்டும் ஏன் எப்போதும் மங்கலாகவே வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

இவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கேமராவின் மெனு பட்டனைத் தொடக் கூடாது. கம்பெனி என்ன அமைப்பில் அனுப்பியதோ அதே அமைப்பில்தான் படம் எடுக்க வேண்டும். "நோவிரா இன்ஜினீயருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?" என்று பேங்க் மேனேஜர் கேட்பார். கேமராவோடு வந்த கையேட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்க மாட்டார்கள். பிரித்தால் பின்னால் விற்கும்போது விலை குறையுமாம். விற்கவே போவதில்லை என்று சத்தியம் செய்கிறவர்கள்தான் இதையும் சொல்கிறார்கள்.

இப்படி ஒரு கூட்டம் இருந்தால், அதன் தலையில் மிளகாய் அரைக்க ஓர் ஆள் வராமல் இருப்பாரா? வந்தார். பெயர் ஒளியார். கழுத்து முதல் கால் வரை கறுப்பு உடை, அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி. நோவிராவை உருவாக்கிய முதல் இன்ஜினீயர் கனவில் வந்து இவருக்கு ஒரு ரகசியம் சொன்னாராம். எந்த நோவிராவும் கண் மூடித்தான் பிறக்கிறது, தகுந்தவர் கை பட்டால்தான் திறக்கும் என்று. லட்சக்கணக்கான பேர் வாங்கும் கேமராவின் ரகசியத்தைக் கம்பெனியில் ஒருவரிடமும் சொல்லாமல், டிரைவிங் ஸ்கூல் மாடியில் இருப்பவரிடம் வந்து சொல்லியிருக்கிறார் அந்த இன்ஜினீயர். எவ்வளவு பொறுப்பானவர் பாருங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன், அவரும் நோவிராக்காரர்தான், என்னையும் அங்கே இழுத்துக்கொண்டு போயிருந்தார். முதலில் பல் டாக்டரின் முறை. மேஜைமேல் ஒரு பூந்தொட்டி. டாக்டர் கேமராவில் அதை ஒரு படம் எடுத்து, கார்டைக் கழற்றி டிவியில் செருகிக் காட்டினார்கள். பூ சோகையாக இருந்தது. ஒளியார் கேமராவை வாங்கிக்கொண்டு ஒரு கறுப்புத் துணிக்குள் புகுந்தார். உள்ளேயிருந்து "ம்ம்ம்ம்" என்று ஒரு முனகல், பிறகு அமைதி, பிறகு மறுபடியும் "ம்ம்ம்ம்". வெளியே வந்து இன்னொரு படம் எடுத்தார். டிவியில் போட்டால், அடேயப்பா! பூ ரத்தச் சிவப்பு. இலை பச்சைப் பசேல். தொட்டியே துலக்கி வைத்ததுபோல் மின்னியது.

"திறந்துடுச்சு! திறந்துடுச்சு!" என்று பல் டாக்டர் குதித்தார். தினமும் நாற்பது பேரை வாயைத் திறக்கச் சொல்கிறவர், அன்றைக்குத் தன் வாயை மூட மறந்துவிட்டார்.

இதற்கு ஒளியார் பணம் கேட்கமாட்டார். பற்று அறுவதற்காக ஒரு லென்ஸை மட்டும் விட்டுவிட்டுப் போகச் சொல்வார். டாக்டர் இருப்பதிலேயே நல்ல லென்ஸை வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

அடுத்து அண்ணன். அவரிடம் இருந்தது நோவிராவிலேயே உயர்ந்த மாடல். ஒளியார் அதைத் தடவினார். பெருமூச்சு விட்டார்.

"தம்பி, இது மூடிய கண் இல்லை. உள்பக்கமாகத் திரும்பிய கண். இதைத் திறக்க என்னாலும் ஆகாது. வைத்திருந்தால் வீட்டுக்கே கேடு. வருகிற ஞாயிற்றுக்கிழமை என்னிடம் ஒப்படைத்துவிடு, ஆற்றில் கரைத்து அனுப்பிவிடுகிறேன்."

விலை உயர்ந்த மாடலுக்கு மட்டும்தான் இந்த நோய் வருகிறது என்பதை நான் கவனித்தேன். அண்ணன் கவனிக்கவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அது வெறும் கேமரா இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அண்ணன் ஒரு காலத்தில் ஊதித் தள்ளிய சிகரெட்டுக்கு அளவே கிடையாது. நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு, அண்ணி ஒரே ஒரு ஒப்பந்தம் போட்டார். "அதை விடுங்க, நீங்க கேக்கறத நான் வாங்கித் தரேன்." அண்ணன் கேட்டது நோவிரா. அன்றிலிருந்து சிகரெட் இருந்த விரல்களுக்கு நடுவில் லென்ஸ் வளையம்தான் சுற்றியது. அது போய்விட்டால் அந்த விரல்கள் சும்மா இருக்காது. இது எனக்குத் தெரியும், அண்ணிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

வீட்டுக்கு வந்த அண்ணன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துக்கொண்டே இருந்தார். அண்ணி அந்த விரல்களைப் பார்த்தார். அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"என்னாச்சுங்க?"

நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"துணிக்குள்ள போய் என்ன பண்றாரு தம்பி?"

"தெரியாது அண்ணி. முனகுறாரு."

"நடுவுல முனகல் நிக்குதா?"

"ஆமா, கொஞ்ச நேரம் நிக்குது."

"ஏதோ வேலை பார்க்குறாரு. வேலை பார்க்கும்போது பாட்டு நிக்கும்."

அண்ணி எடை அளவுத் துறையில் ஆய்வாளர். கடைத் தராசு, பெட்ரோல் பங்க் மீட்டர் எல்லாவற்றையும் சோதித்து, சரியாக இருந்தால் சீல் வைப்பது அவர் வேலை. தராசுத் தட்டின் அடியில் காந்தம் ஒட்டியவர்களையும், கட்டை விரலால் தட்டை அழுத்துகிறவர்களையும் பார்த்துப் பார்த்துப் பழகியவர். அவர் கேமராவை எடுத்து, இருக்கிற பட்டனையெல்லாம் ஒவ்வொன்றாக அழுத்த ஆரம்பித்தார். மெனு பட்டனில் விரல் போனதும் அண்ணன் அலறிவிட்டார்.

"ஐயோ, அதத் தொடாதே!"

"தொட்டா என்ன, கடிக்குமா?" என்றார் அண்ணி. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணி வெகுநேரம் அழுத்திக்கொண்டிருந்தார். கடைசியில் எல்லாவற்றையும் பழையபடியே வைத்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை நானும் வரேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இன்னும் அதிகம். ஒப்படைப்பைப் பார்க்க வேண்டாமா? அடுத்தவர் கேமரா போவதைப் பார்ப்பதில் ஒரு தனி ஆனந்தம். அண்ணன் கேமராவை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணி முன்னால் போனார்.

"ஐயா, ஒப்படைக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாருங்களேன். அவரு மனசு ஆறும்."

"உங்களுக்காக முயல்கிறேன் அம்மா" என்றார் ஒளியார் பெருந்தன்மையாக.

"ஒரு சந்தேகம். கண்ணு கேமராவுக்கு எந்தப் பக்கம் இருக்கு?"

"முன்பக்கம்தான். லென்ஸ்தானே கண்?"

"முதுகுல கண்ணு கிடையாதே?"

"முதுகில் யாருக்கம்மா கண் இருக்கும்?" கூட்டம் சிரித்தது.

"அப்போ முதுகையும் தலையையும் நான் மூடிட்டா உங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லையே?"

அண்ணி பையிலிருந்து சீல் ஒட்டும் காகிதத்தை எடுத்தார். முதலில் அண்ணனிடம் சொல்லிப் பூந்தொட்டியை ஒரு படம் எடுக்க வைத்தார். பிறகு கேமராவின் பின்பக்கத் திரை, பட்டன்கள், மேலே உள்ள சக்கரம் எல்லாவற்றின் மேலும் காகிதத்தை ஒட்டி, குறுக்கே கையெழுத்துப் போட்டார். படம் எடுக்கும் பட்டனை மட்டும் விட்டுவைத்தார். சரக் சரக்கென்று ஒட்டிய வேகத்தைப் பார்த்தால் கறிக்கடைத் தராசுக்குக்கூட நடுக்கம் வந்திருக்கும்.

ஒளியாரின் முகத்தில் கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே வேர்வை இறங்கியது. "இப்படி ஒட்டினால் கருவி மூச்சு விட முடியாதே!"

"மூக்கு எங்க இருக்குன்னு சொல்லுங்க, அங்க ஓட்டை போட்டுத் தரேன்."

அவர் பின்வாங்கியிருப்பார். விட்டது யார்? அவருடைய பக்தர்களேதான் விடவில்லை. "ஒளியாருக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?" என்றார் இன்சூரன்ஸ் ஏஜென்ட். "காகிதம் தடுக்குமா அவரை? செஞ்சு காட்டுங்கய்யா!" என்று பேங்க் மேனேஜர் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினார். நம்பிக்கை என்பது இதுதான். நம்பினவரையே துணிக்குள் தள்ளிவிடும்.

ஒளியார் உள்ளே போனார். "ம்ம்ம்ம்." நிற்கவே இல்லை. "ம்ம்ம்ம்ம்ம்." பாவம், செய்வதற்கு வேறு வேலை இல்லையே! மூச்சு முட்டி வெளியே வந்து, பூந்தொட்டியை ஒரு படம் எடுத்தார். சீல் அப்படியே இருந்தது. அண்ணி கார்டைக் கழற்றி டிவியில் செருகி, ரிமோட்டைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"எல்லாரும் நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. இது ஒண்ணு." சோகையான பூந்தொட்டி வந்தது. திரையைக் கறுப்பாக்கினார். "இது ரெண்டு." மறுபடியும் பூந்தொட்டி.

அறையே பிய்த்துக்கொண்டு போனது.

"ஆஹா! இலையில நரம்பு தெரியுது பாருங்க!" என்றார் பல் டாக்டர்.

"முன்னாடி அந்தத் தொட்டி உம்முனு இருந்துச்சு. இப்ப சிரிக்குது!" என்றார் மேனேஜர்.

"எனக்கு வாசனையே வருது சார்" என்றார் ஏஜென்ட். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பாலிசி விற்று விற்று வராததும் வரும் அவருக்கு.

ஒளியாருக்கே ஆச்சரியம். தெம்பு வந்து கையை உயர்த்தினார். "உள்பக்கம் திரும்பிய கண்ணையும் திருப்பிவிட்டேன்! இரண்டாவது படத்தில் பூ மூச்சு விடுகிறது, காண்கிறீர்களா?"

"நிச்சயமா ரெண்டாவதுதானா ஐயா?"

"சந்தேகமே வேண்டாம்!"

"ரெண்டு தடவையும் நான் போட்டது ஒரே படம்தான்" என்றார் அண்ணி. "நீங்க துணிக்குள்ள போறதுக்கு முன்னாடி எடுத்தது. மூலையில நம்பர் பாருங்க." மறுபடியும் போட்டுக் காட்டினார். அதே நம்பர். பிறகு துணிக்குப் பின் எடுத்ததையும் போட்டார். அடுத்த நம்பர், அதே சோகை.

மேனேஜர் நாற்காலியிலிருந்து மெதுவாக இறங்கினார். ஏஜென்ட் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"நம்பிக்கை இல்லாதவர்கள் இருக்கும் இடத்தில்..." என்று ஒளியார் ஆரம்பித்தார். அண்ணி அவரைப் பார்க்கவே இல்லை. சீலைக் கிழித்துவிட்டு, கேமராவை அண்ணன் கையில் கொடுத்தார்.

"மெனுவை அழுத்துங்க."

"நானா?"

"உங்க கேமரா. நீங்கதான் அழுத்தணும்."

அண்ணன் கேமராவை நெஞ்சிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். அழுத்தினார். கேமரா வெடிக்கவில்லை. வண்ணம் என்று ஓர் இடம் வந்தது. 'சாதாரணம்' என்று இருந்ததை 'பளிச்' என்று மாற்றினார். பூந்தொட்டியைப் படம் எடுத்து டிவியில் போட்டால், பூ ரத்தச் சிவப்பு, இலை பச்சைப் பசேல்!

"இவ்வளவுதானா?" என்றார் அண்ணன். அவருக்குச் சிரிப்பு வந்தது. அது அடங்குவேனா என்று குலுங்கிக் குலுங்கி வந்தது. பக்கத்திலிருந்தவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. அந்தக் கலாட்டாவில் ஒளியார் அறைக் கோடியில் தொங்கிய துணித் திரைக்குப் பின்னால் நழுவப் பார்க்க, டாக்டர் பாய்ந்து திரையை இழுத்தார். பின்னால் ஒரு டிரங்குப் பெட்டி. அதில் பற்று அறுந்த லென்ஸ்கள் வரிசையாகத் தூங்கின, ஒவ்வொன்றின் மேலும் விலை ஒட்டியபடி. அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரர் மாடிப்படியில் இறங்கிய வேகத்தைப் படம் எடுக்க எந்த நோவிராவாலும் முடிந்திருக்காது.

அண்ணன் கேமராப் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து, பிரிக்காத சிகரெட் பாக்கெட் ஒன்றை எடுத்து அண்ணியிடம் நீட்டினார். "காலையில வாங்கினேன். ஒப்படைச்சதுக்கப்புறம் வேணும்னு." அண்ணி வாங்கி, அதன் மேலும் ஒரு சீல் காகிதத்தை ஒட்டித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பிப் பார்த்தால் அண்ணிக்கு முன்னால் வரிசை நிற்கிறது! பல் டாக்டர் முதல் ஆள்.

"அம்மா, எனக்கும் கொஞ்சம் அந்த மெனுவை... உங்க கையாலேயே..."

"ஆமாம்மா, உங்க கை ராசியான கை" என்று பின்னால் மேனேஜர், நாற்காலியை விரித்தபடியே.

அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். "டாக்டர், பட்டன் உங்க விரலுக்குக் கீழதான் இருக்கு. அழுத்திப் பாருங்க. இதுக்கெல்லாம் ஒரு ஆளு வேணுமா?"

கடையில் தக்காளியை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, நசுங்கியதைக் கடைக்காரர் கையிலேயே திருப்பிக் கொடுக்கிறவர்கள்தானே நாம்? அற்புதம் விற்க வருகிறவரிடம் மட்டும் எதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம்?