விண்கலக் கதவில் நாலு விரல்

அன்பும் அடக்கமும் உள்ளவன் என்று இத்தனை வருஷம் நான் ஏமாந்துபோய் நம்பியிருந்த என் கொழுந்தனுக்கு,

உன் அண்ணி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணனும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமா என்று விசாரிப்பது முறை. விசாரித்துவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்து படி.

நீ அனுப்பிய ரசிகர் பத்திரிகை நேற்றுத் தபாலில் வந்தது. அட்டையில் நீ, வேற்றுக் கிரகத்துப் பச்சை மனிதன் வேஷத்தில் முகத்திலும் கையிலும் பச்சைச் சாயம் பூசிக்கொண்டு, நாற்பத்தொரு வருஷத்துக்கு முந்தைய இளிப்போடு. சரி, போகட்டும் என்று உள்ளே பிரித்தால் எட்டாம் பக்கத்தில், 'நம் விண்கலத் தொடரின் ஒன்பதாம் பகுதியில் முப்பத்தொரு பிழைகள், தொகுத்தவர் பச்சை மனிதர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அதற்குக் கீழே உன் பேட்டி. "இவ்வளவு தப்பு எப்படி சார் நடந்துச்சு?" என்று ஒருவன் கேட்கிறான். அதற்கு நீ, "எங்க கண்டினியூட்டி அம்மா அன்னிக்கு நல்லா தூங்கிட்டாங்க போல" என்கிறாய். பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, 'சிரிக்கிறார்' என்று எழுதியிருக்கிறார்கள். சிரிக்கிறாராம்! எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிகிறது, இவர் சிரிக்கிறார். முப்பத்தாறு பகுதிக்கு நான் கண்டினியூட்டி பார்த்தேனடா. ஒருத்தன் சட்டையில் போன ஷாட்டில் எத்தனை பொத்தான் போட்டிருந்தது, எந்தக் கையில் பேனா, கிளாசில் தண்ணீர் எதுவரை என்று ஒவ்வொன்றையும் பென்சிலால் புத்தகத்தில் எழுதி, அடுத்த ஷாட்டுக்கு முன்னால் ஒத்துப் பார்த்து, கடைசிக் கட்டத்தில் 'சரி' என்று எழுதுவது என் வேலை. நான் 'சரி' எழுதாமல் டைரக்டர் அடுத்த ஷாட்டுக்குப் போனதே கிடையாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துத் தூங்கினாள் என்கிறாயே, உனக்கு நாக்குக் கூசவில்லையா?

அதோடு விட்டாயா? பழைய படச்சுருளைக் கழுவிப் புதுப்பிக்கிற கம்பெனிக்கு அந்தப் பட்டியலை நீயே அனுப்பியும் வைத்திருக்கிறாய். அவர்களிடமிருந்து எனக்கும் ஒரு கடிதம் வந்திருக்கிறது. முப்பத்தொன்றையும் கம்ப்யூட்டரில் அழித்துச் சரிசெய்து வெளியிடுவார்களாம். அன்றைக்கு வேலை பார்த்தவர் யாராவது, 'இது எங்கள் கண்ணில் படாமல் போனதல்ல, தெரிந்தே விட்டோம்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அதை மட்டும் தொடமாட்டார்களாம். மற்றதெல்லாம் கவனக்குறைவு என்று ஒரு சின்னப் புத்தகத்தில் அச்சாகுமாம், கீழே கண்டினியூட்டி என்று போட்டு என் பெயரும் வருமாம். வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதற்குள் நீ அவர்களுக்கு, இந்த முப்பத்தொன்றில் ஒன்றுகூட என் அண்ணி தப்பல்ல என்று உன் கைப்பட எழுதி அனுப்ப வேண்டும். ஏன் என்று கேட்பாய். சொல்கிறேன், ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்.

முதல் தப்பு, கேப்டன் கிளாசில் இருக்கும் நீல மருந்து பாதியாக இருக்கிறது, அப்புறம் நிறைகிறது, அப்புறம் பாதியாகிறது என்று எழுதியிருக்கிறாய். நிறையாமல் என்ன செய்யும்? அது சர்க்கரை போட்ட கலர் தண்ணீர். "உதட்டுல வச்சா போதும் சார், குடிக்காதீங்க" என்று நான் தலையால் அடித்துக்கொள்வேன், அவர், "தொண்டை காயுதும்மா" என்று ஒவ்வொரு டேக்கிலும் மடக்கு மடக்கென்று குடித்துவிடுவார். கிளாசில் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். கேமராக்காரர், "கோடு தெரியுதும்மா" என்று துணியால் துடைத்துவிட்டார். இதில் நான் எங்கே தூங்கினேன்? இரண்டாவது, கேப்டனின் மீசை ஒரு ஷாட்டில் மேலே பார்க்கிறது, அடுத்த ஷாட்டில் கீழே பார்க்கிறதாம். விளக்குச் சூட்டில் பசை இளகி மீசை தும்மலோடு தரையில் விழுந்ததையும், மேக்கப்காரர் அவசரத்தில் அதைத் தலைகீழாக ஒட்டியதையும் நீ உன் கண்ணாலேயே பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாய். மூன்றாவது, விண்கலத்துச் சுவர்க் கடிகாரம் மூன்று பத்து, பதினொன்று நாற்பது, மறுபடி மூன்று பதினைந்து என்று காட்டுகிறது. அந்த ஸ்டூடியோவில் ஓடுகிற கடிகாரம் அது ஒன்றுதான். மேனேஜர் சாப்பாட்டு நேரம் பார்க்கக் கழற்றிக்கொண்டு போவார், மாட்டும்போது ஏதோ ஒரு மணியைத் திருகி வைப்பார். ஆறு, ஏழு, எட்டு மூன்றும் ஒன்றுதான், ஜன்னலுக்கு வெளியே விண்வெளியில் ஓர் அந்துப்பூச்சி நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் நடந்து போகிறதாம். கறுப்புத் துணியில் ஓட்டை போட்டுப் பின்னால் பல்பு எரியவிட்டால் பூச்சி வராமல் யார் வருவார்கள்? அதை உட்காரச் சொல்லி நானா நாற்காலி போட்டேன்?

இப்போது உன் விஷயம். நாலு, ஐந்து, ஒன்பது, பத்து. பச்சை மனிதனின் வலது காது பச்சை, இடது காது மனுஷக் காது. ஏன் தெரியுமா? மத்தியான இடைவேளையில் நீ விண்கலத்துப் படுக்கையில் இடது பக்கமாகச் சாய்ந்து குறட்டை விட்டாய். காதுச் சாயமெல்லாம் தலையணைக்குப் போயிற்று. ஒன்பதாவது தப்பான பச்சைத் தலையணை அதுதான். வேற்றுக் கிரகத்து மனிதன் ஒருவன் இருக்கிறான் என்றே தெரியாத முதல் காட்சியில் கேப்டன் தோளில் பச்சையாக ஒரு கைத்தடம் இருக்கிறது என்று பத்தாவதாக எழுதியிருக்கிறாயே, அது யாருடைய கை? கடைசியில் வருகிற கட்டிப்பிடிக்கிற காட்சியை அன்று காலையிலேயே எடுத்துவிட்டோம். "லேசா தொடு, சாயம் ஒட்டும்" என்று நான் சொல்லச் சொல்ல நீ அவரை எலும்பு நொறுங்கக் கட்டிக்கொண்டாய். மாற்றுச் சட்டை கிடையாது. அன்றைக்கு அந்த இடத்தில் தூங்கின ஒரே ஆள் நீதானடா, தம்பி! தூங்கினவன் பேட்டி கொடுக்கிறான், முழித்திருந்தவள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பதினொன்றிலிருந்து முப்பது வரை எல்லாமே மத்தியானத்துக்கு மேல் எடுத்த ஷாட்டுகள். பேனா கை மாறுகிறது, நாற்காலி இடம் மாறுகிறது, டாக்டரம்மாவின் கொண்டை அவிழ்ந்து தானாக முடிந்துகொள்கிறது. அவற்றுக்கும் காரணம் இருக்கிறது. ஒவ்வொன்றாக எழுத இந்தத் தாள் போதாது. என்னை நம்பு.

முப்பத்தொன்றாவதில் மட்டும் நீ சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். கேப்டன் நெஞ்சை நிமிர்த்தி, "இந்தக் கிரகத்தில் நம்மைத் தவிர உயிர் என்பதே இல்லை" என்கிறார். உடனே விண்கலத்தின் தானியங்கிக் கதவு திறக்கிறது. கதவு விளிம்பில் அழுக்கு நகத்தோடு நாலு விரல். 'கதவு இழுக்கும் யாரோ ஒரு தச்சரின் கை, முதலில் அழிக்க வேண்டியது' என்று எழுதியிருக்கிறாய். யாரோ ஒரு தச்சர்! அந்த யாரோதான் டைரக்டரிடம் கெஞ்சி உனக்குப் பச்சை வேஷம் வாங்கிக் கொடுத்தார் என்பது மறந்துபோயிற்றா? போகட்டும். கதவைச் செய்தவர் உன் அண்ணன், பின்னால் நின்று கயிற்றால் இழுத்தவர் உன் அண்ணன், கயிறு அறுந்ததும் கையை விட்டு இழுத்தவரும் உன் அண்ணன். நான் கதவுக்கு ஆறடி தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்து, என் வேலைப்படி, கேப்டன் கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரலைப் பார்க்கவில்லை. அதனால்தான் 'சரி' எழுதினேன். கல்யாணமாகி நாற்பது வருஷமாக இதைத்தான் அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குழாய் ஒழுகினாலும், பால் பொங்கினாலும், நாங்கள் போட்ட அத்தனை சண்டையிலும், "என் ஒன்பதாம் பகுதியைக் கெடுத்த கைதானே அது" என்று நான் ஆரம்பித்தால் அவர் வாய் மூடிக்கொள்ளும். ஆகவே அழிக்கட்டும். தாராளமாக அழிக்கட்டும். என் பெயருக்குப் பிடித்த பீடை ஒழிந்தது.

உன் அண்ணனுக்கும் ஆட்சேபம் இல்லை. நேற்று நான் பட்டியலை உரக்கப் படித்தபோது பக்கத்தில்தான் இருந்தார். "அழிக்கட்டும், நல்லதுதான், அசிங்கமாத்தான் இருக்கு" என்றார். அப்புறம் அலமாரிக் கதவைச் சத்தமே இல்லாமல் சாத்தினார். அந்த மனுஷன் எந்தக் கதவையும் அடித்துச் சாத்தித்தான் நான் பார்த்திருக்கிறேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பேரன் அந்தப் பகுதியைப் போட்டான். வழக்கமாக விரல் தெரிகிற இடம் வருவதற்குள் இவர், "வாங்க, வாங்க, இதோ வருது!" என்று அடுப்படியில் இருப்பவர்களையெல்லாம் கூப்பிடுவார், கரண்டியோடு ஓடிவர வேண்டும். நேற்று அந்த இடம் வருவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் எழுந்து வெளியே போய், செருப்பு வைக்கிற இடத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். எனக்கு என்ன வந்தது? நான் என் பெயரைப் பற்றித்தான் கவலைப்படுகிறேன். கடைசியில் ஓடுகிற பெயர்ப் பட்டியலில் உன் பெயர் மூன்றாவது, என் பெயர் பதினான்காவது, கடிகாரம் திருடிய மேனேஜர் பெயர்கூட இருக்கிறது. உன் அண்ணன் பெயர் எங்கேயும் இல்லை. கதவுக்கெல்லாம் பெயர் போடுவதில்லையாம்.

ஆகவே நான் சொன்னபடி கம்பெனிக்கு எழுது. எழுதாவிட்டால் இந்த ஜென்மத்தில் என் வீட்டு வாசலை மிதிக்காதே. உன் மனைவிக்கு என் அன்பு, அவள் உன்னை வைத்துக் காலம் தள்ளுவதற்கு என் அனுதாபம். பிள்ளைகள் நூறு வயது நன்றாக இருக்கட்டும். நீயும் நன்றாக இரு, வாயை மட்டும் மூடிக்கொண்டு இரு.

இப்படிக்கு,
ஒரு நாளும் தூங்காத உன் அண்ணி

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகுமுன் பரணிலிருந்து அந்த வருஷத்துப் புத்தகத்தை இறக்கிப் பார்த்தேன். மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. கம்பெனிக்கு நீ ஒன்றும் எழுத வேண்டாம், நானே எழுதிவிட்டேன். அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் என் புத்தகத்தில் 'சரி', 'சரி' என்று மட்டும்தான் இருக்கிறது, வேறு ஒரு வரி கிடையாது. நான் கிளாசையும் பார்க்கவில்லை, கொண்டையையும் பார்க்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு டேக் கதவு சிக்கிக்கொண்டது. "இன்னொரு தடவை சொதப்பினா அந்தத் தச்சனை வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்று டைரக்டர் மேனேஜரிடம் கத்தினார். எட்டாவது டேக்கில் கயிறு அறுந்தது எனக்குக் கேட்டது. விரல் நாலும் வெளியே வந்தது, நகம் பிய்ந்து ரத்தம் வந்ததுகூடத் தெரிந்தது. டைரக்டர் என் பக்கம் திரும்பி, "என்னம்மா, எல்லாம் சரியா?" என்று கேட்டார். "சரி சார்" என்றேன். என் வேலையில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். பதினொன்றிலிருந்து முப்பது வரை என் கவனக்குறைவு, என் பெயரைப் போட்டே அச்சடிக்கட்டும், எல்லாவற்றையும் அழிக்கட்டும். முப்பத்தொன்று தெரிந்தே விட்டது, அதைத் தொடக்கூடாது என்று கையெழுத்துப் போட்டு, புத்தகத்தின் அந்தப் பக்கத்தையும் கிழித்து வைத்து அனுப்பிவிட்டேன். உன் காது மட்டும் உன் தப்புதான், அதில் மாற்றம் இல்லை.

இதை உன் அண்ணனிடம் மூச்சு விட்டாயோ, தொலைத்துவிடுவேன். கம்பெனிக்காரர்கள் ஏதோ மனசு மாறி விட்டுவிட்டார்கள் என்று சொல். நான் பார்த்தேன் என்று தெரிந்தால் அப்புறம் இந்த வீட்டில் ஒரு சண்டையில்கூட நான் ஜெயிக்க முடியாது.