இடிக் காதும் மணிக் காதும்

"காது பொருந்தாதுன்னா பொருந்தாதுதான்! பெத்த பொண்ணைச் செவிடாக்கிட்டு நான் கல்யாண மேடையில சிரிச்சுக்கிட்டு நிக்கணுமா?"

"அம்மா, நான் காதை வச்சுத்தான் சம்பாதிக்கிறேன். என் காதைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"உனக்கு என்னடி தெரியும்? சித்தருக்குத் தெரியும்!"

மூன்றாம் மாடியில் ஏதோ விழுந்து உருண்டது. நூல்கண்டு டப்பாவாகத்தான் இருக்கவேண்டும். கத்தரிக்கோல் என்றால் சத்தம் வேறு மாதிரி வரும். நான் ஒட்டுக்கேட்கவில்லை. என் சமையலறை ஜன்னலும் அவர்கள் தையல் அறை ஜன்னலும் எதிரெதிரே அமைந்தது கட்டடம் கட்டியவர் செய்த பிழை. ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாமே என்பீர்கள். சாத்தினால் காற்று வராது. செய்தியும் வராது.

அம்மா தையல்காரம்மா. மகளுக்கு எங்கள் கட்டடம் வைத்த பெயர் படபடா. முதல் மாடி ஆபீஸில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாரோ எங்கோ பேசிப் பதிவுசெய்ததைக் கேட்டுக்கேட்டு அவள் தட்டச்சு செய்யும் வேகம் அப்படி. அவள் கட்டிக்கொள்ளப் போகிறவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் லிஃப்ட் மாதத்துக்கு நான்கு முறை கெட்டுப்போனதில் வளர்ந்த காதல் அது. அதற்கு முன்னால் வருடத்துக்கு ஒரு முறைதான் கெட்டுக்கொண்டிருந்தது என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஐந்தாறு பேரைத் தவிர.

கல்யாணத்துக்கு மூன்றே வாரம். நடுவில் புகுந்து குட்டையைக் குழப்பியவர் ஓசைச் சித்தர்.

சித்தர் எங்கள் தரைத்தளத்துக்குக் குடிவந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வாசலில் பலகை: "உங்கள் காதின் ஒலி முத்திரையை அறியுங்கள். விதி காதில் எழுதப்பட்டிருக்கிறது." இத்தனை காலம் தலையில்தான் எழுதியிருந்தது. ஹெட்போன் வந்தபிறகு எழுத்து நான்கு விரல் கீழே இறங்கிவிட்டது போலும்.

அவருக்கு வாழ்வு கொடுத்தது முதல் மாடி ஆபீஸ். அங்கே நாற்பது பேர், நாற்பது ஹெட்போன். வாங்கி நாலு வருடம். காதை மூடும் குஷன்கள் வியர்வையில் ஊறி, வெடித்து, தோல் உரிந்து கிடந்தன. வேலை முடிந்து எழுந்தால் எல்லார் காதிலும் கன்னத்திலும் கரித்தூள் மாதிரி கறுப்புச் செதில். மானேஜரிடம் சொன்னார்கள். "முகத்தைக் கழுவுங்க" என்றார். சித்தரிடம் சொன்னார்கள். அவர் ஒரு செதிலை விரல்நுனியில் எடுத்து, விளக்கில் பிடித்து, கண்ணை மூடி, பெருமூச்சு விட்டார்.

"இது தோல் இல்லை மகளே. ஊர்க்காரங்க பொறாமை. உன் காது வழியா வெளியே வருது."

போதாதா? மறுநாளே படிக்கட்டில் வரிசை. முதல் மாடிப் பெண்கள், அவர்கள் கணவன்மார், மாமியார், எதிர்க் கட்டடத்து ஓட்டுநர், மருந்துக்கடைக்காரர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஆமாம், கணக்கு வாத்தியார்தான். இரண்டும் இரண்டும் நாலு என்று நாற்பது வருடம் சொல்லிக்கொடுத்தவர், வரிசையில் நின்று தன் காதுக்குள் எத்தனை பொறாமை இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

பொறாமைக்கு மருந்து, சித்தர் உருவேற்றிய குஷன். பித்தளை மணிக்குக் கீழே பதினொரு நாள் வைத்து எடுத்தது. பழையதைக் கழற்றி அதை மாட்டிக் கேட்டால், என்ன ஆச்சரியம்! அடங்கிப்போயிருந்த மேளம் அதிர்கிறது, பாடகரின் குரலில் கனம் கூடுகிறது, செதிலும் உதிரவில்லை. உரிந்த குஷனை எடுத்துவிட்டுப் புதுக் குஷன் போட்டால் வேறு என்ன நடக்குமாம்? இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு ஜோடி வாங்கினேன். ஆராய்ச்சிக்காக.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவர் காதுப் பொருத்தம் பார்க்கவும் ஆரம்பித்துவிட்டார். நாற்காலியில் உட்காரவைத்து, தன்னுடைய பெரிய ஹெட்போனை மாட்டி, மேளமும் மணியும் கலந்த ஒரே பாட்டைப் போடுவார். மேளம் தூக்கலாகக் கேட்டால் இடிக் காது. மேளம் அமுங்கி மணி கணீரென்று கேட்டால் மணிக் காது. இடியும் மணியும் ஒரு கூரையின்கீழ் வாழ்ந்தால் ஒரு வருடத்துக்குள் ஒருவருக்குச் செவிடு.

மாப்பிள்ளைக்கு இடி. படபடாவுக்கு மணி.

பரிகாரம் உண்டு. பரிகாரம் இல்லாத ஆபத்தை எந்தச் சித்தர் கண்டுபிடித்தார்? கல்யாணத்தை ஒரு வருடம் தள்ளிப்போட்டு, இருவரும் மாதம் ஒரு ஜோடி உருவேற்றிய குஷன் மாட்டிவரவேண்டும். ஒரு வருடம் தள்ளினால் மாப்பிள்ளைக்கு வெளியூரில் உறுதியாகியிருந்த வேலையும் குடித்தனமும் போய்விடும். அவர் தனியாகப் போவார், இவள் இங்கே இருப்பாள், பிறகு யார் கண்டது? அதற்குத்தான் மூன்றாம் மாடியில் அந்தச் சத்தம்.

சண்டை முடிந்து அரைமணி நேரத்தில் படபடா என் வீட்டுக் கதவைத் தட்டினாள். கண்ணாடிக்குப் பின்னால் கண் சிவந்திருந்தது. ஆனால் கையில் நோட்டும் பேனாவும் இருந்தன.

"அக்கா, இந்தக் கட்டடத்துல யார் யாருக்கு என்ன காதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நமக்கெதுக்கும்மா அடுத்தவங்க விஷயம்?" என்று சொல்லிவிட்டு இருபத்தாறு பேர் பட்டியலைச் சொன்னேன். மருந்துக்கடைக்காரர், மணி. ஓட்டுநர், இடி. வாத்தியார், மணி. வாத்தியார் மனைவி, இடி. அதனால்தான் நாற்பது வருடமாகச் சண்டை என்று சித்தர் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவள் எழுதிக்கொண்டே வந்தவள் நிமிர்ந்தாள். "மருந்துக்கடைக்காரர் கண்ணாடி போட்டிருக்கார் இல்ல?"

"ஆமா."

"வாத்தியார்?"

"சோடாபுட்டி."

"வாத்தியார் வீட்டம்மா?"

"அவங்களுக்குப் பார்வை கழுகு மாதிரி. போன வாரம் நான் மாடியில..."

"அக்கா!" என்று நோட்டைத் திருப்பிக் காட்டினாள். மணிக் காது பதினோரு பேர். பதினோரு பேரும் கண்ணாடிக்காரர்கள். இடிக் காது பதினைந்து. ஒருவர் மூக்கிலும் கண்ணாடி இல்லை.

எனக்கு விளங்கவில்லை. விளங்கியமாதிரி தலையாட்டினேன். அவள் மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சித்தர் அறையில் கூட்டம் தாங்கவில்லை. யாரோ செய்தியைப் பரப்பிவிட்டார்கள். யார் என்று தெரியவில்லை. நான் எட்டு வீட்டுக்குத்தான் சொன்னேன்.

படபடா மிகவும் பவ்யமாக, "சாமி, கடைசியா இன்னொரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்றாள். கண்ணாடியைக் கழற்றி மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஹெட்போன் ஏறியது. பாட்டு ஓடியது.

"என்ன கேக்குது மகளே?"

"மேளம் சாமி. மண்டைக்குள்ள யாரோ குதிக்கிற மாதிரி."

கூட்டம் "ஆ" என்றது. சித்தர் அசரவில்லை. "நான் குடுத்த முதல் ஜோடிக் குஷன் வேலை செய்யுது!"

"அதை இன்னும் பிரிக்கவே இல்லையே. கவரோட அலமாரியில இருக்கு."

அடுத்து மாப்பிள்ளை உட்கார்ந்தார். அவளுடைய கண்ணாடியை, ரோஜா நிறச் சட்டம் போட்ட அந்தக் கண்ணாடியை, மூக்கில் மாட்டிக்கொண்டார். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. அதன்மேல் ஹெட்போன்.

"என்ன கேக்குது தம்பி?"

"மணிதாங்க. மேளத்தைக் காணோம். மேளக்காரங்க வீட்டுக்குப் போயிட்டாங்க போல."

"பொண்ணோட தோஷம் பையனுக்குத் தாவிடுச்சு!" என்று கூவினார் சித்தர். "பாருங்க, பாருங்க!"

படபடா ஹெட்போனைத் தூக்கிப் பிடித்தாள். "பார்க்கத்தான் கூப்பிட்டோம். கண்ணாடிக் காம்பு குஷனைத் தூக்கிப் பிடிக்குது. இங்க இடுக்கு விழுது. இடுக்கு விழுந்தா முதல்ல ஓடிப்போறது மேளச் சத்தம்தான்."

"லிஃப்ட் கதவு சரியா மூடலைன்னா உள்ள பேசுறது வெளிய ஓடிடுதில்ல? அதேதான்" என்றார் மாப்பிள்ளை, கண்ணாடியோடு சுவரைப் பார்த்து.

"ஒவ்வொரு ஹெட்போனுக்கும் ஒரு ஒலி வாகு உண்டு. ஒண்ணு மேளத்தைத் தூக்கும், ஒண்ணு மணியைத் தூக்கும். அது செஞ்சவங்க வச்ச முத்திரை. நம்ம காதுல யாரும் எதுவும் எழுதலை."

"அப்போ அந்தக் கறுப்புச் செதில்?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"ஆபீஸ் நாற்காலியோட கைப்பிடியிலயும் அதே செதில்தான் உதிருது. நாற்காலி மேல யாருக்குப் பொறாமை?"

சிரிப்பு வெடித்தது. சித்தர் குரலை உயர்த்தினார். "காதை விடுங்க! என் குஷன்ல சக்தி இருக்கா இல்லையா? உருவேத்துனதையும் வெறும் குஷனையும் கண்ணைக் கட்டிக்கிட்டுக் கேட்டே நான் சொல்வேன்!"

இதுவரை வாய் திறக்காமல் நின்ற தையல்காரம்மா முகம் மலர்ந்தது. "சொல்லுங்க சாமி! நல்லாச் சொல்லுங்க! நானும் ஒண்ணு கொண்டாந்திருக்கேன்" என்று பைக்குள் கைவிட்டு ஒரு ஜோடிக் குஷனை எடுத்தார். "வருஷம் முழுக்க எதுக்கு வாங்கணும்னு வெட்டித் தச்சுட்டேன். என் பழைய கைப்பை, மெத்தைப் பஞ்சு. நீங்க உருவேத்தி மட்டும் குடுத்தாப் போதும்."

சித்தர் இப்படியொரு பக்தையைக் கண்டதில்லை. பரிகாரத்தையே அளவெடுத்துத் தைத்துக் கொண்டுவந்துவிட்டார்! படபடா அம்மாவின் கையிலிருந்து அதை வாங்கினாள். தையல்துணி ஒன்றால் சித்தரின் கண்ணை அம்மாவையே கட்டச் சொன்னாள். பிறகு அம்மா தைத்த ஜோடியை ஹெட்போனில் இழுத்து மாட்டி, அவர் தலையில் வைத்தாள்.

சித்தர் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார். "பிணம். உயிரே இல்லை."

ஹெட்போனைக் கழற்றினாள். குஷனை உருவினாள். அதே குஷனைத் திரும்ப மாட்டினாள்.

"ஆகா!" என்றார் சித்தர். உடம்பு சிலிர்த்தது. "இதோ! பதினொரு நாள் மணியடியில இருந்தது! உச்சந்தலை வரைக்கும் ஏறுது!"

மூன்றாவது முறையும் அதே கழற்றல், அதே ஜோடி. "இது வெறும் பஞ்சு. தூக்கி எறி."

"அவிழ்த்துவிடுங்கம்மா" என்றாள் மகள்.

தையல்காரம்மா அவிழ்க்கவில்லை. தன் கையால் வெட்டித் தைத்தது ஒரே காலைவேளையில் பிணமாகி, தெய்வமாகி, மறுபடியும் பஞ்சானதைப் பார்த்தவர் அவர். பிறகு மேசையிலிருந்த சித்தரின் உருவேற்றிய ஜோடியை எடுத்து, பல்லால் தையலைப் பிரித்து, உள்ளேயிருந்த மஞ்சள் பஞ்சை அவர் மடியில் போட்டார்.

"இதுல தையல் கூட ஒழுங்கா இல்லை. இதுக்காகவா என் பொண்ணை ரெண்டு நாள் அழவச்சேன்?"

அப்புறம்தான் கட்டை அவிழ்த்தார். சித்தர் கண் திறந்தபோது எதிரே கணக்கு வாத்தியார் நின்றுகொண்டிருந்தார். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "மூணு தடவை கேட்டு மூணு பதில். நான் முட்டை போட்டிருப்பேன்" என்றார். வரிசையில் நின்றவர்தான். இருந்தாலும் அன்றைக்கு அவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சொன்னேன்.

முதல் மாடிப் பெண்கள் மொத்தமாக மானேஜரிடம் போய், புதுக் குஷன் வராமல் ஒரு எழுத்தும் தட்டமாட்டோம் என்றார்கள். அவர்கள் பொறாமையைச் சித்தரிடம் கழற்றிக்கொண்டிருந்தபோது நான்கு மாதம் நிம்மதியாகத் தூங்கிய மனிதர் அவர். ஒரே வாரத்தில் குஷன் வந்தது. யாரும் அதை மணிக்கடியில் வைக்கவில்லை. அது பாட்டுக்கு நன்றாகத்தான் கேட்கிறது.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. இடியும் மணியும் அடுத்த மாதமே வெளியூருக்குக் குடிபோய்விட்டார்கள். ஒரு வருடம் தாண்டிவிட்டது. இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கிறது. தையல்காரம்மா போனில் சொல்லும் புத்திமதிகள் மட்டும் இருவருக்கும் சரியாகக் கேட்பதில்லையாம்.

ஓசைச் சித்தர் அன்று மாலையே அறையைக் காலிசெய்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு விதவையைக் கட்டிக்கொண்டு, இப்போது செருப்பின் தேய்மானத்தைப் பார்த்து ஆயுள் சொல்கிறாராம். அங்கேயும் படிக்கட்டில் வரிசையாம். எங்கள் மருந்துக்கடைக்காரர் போன வாரம் புதுச் செருப்போடு பஸ் ஏறியதை நான் பார்த்தேன். ஐயா, காதுக்கு மெத்தை போடுங்கள், காலுக்கும் போடுங்கள். இரண்டு காதுக்கும் நடுவில் இருக்கிறதே, அதற்கு மட்டும் மெத்தை போடாதீர்கள். படுத்தால் அது எழுந்திருக்காது.