கூச்சம்தான் என்று சொல்

நாக்கை அந்தப் பக்கம் கொண்டுபோகாதே என்று வடிவு மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். மறுகணம் நாக்கு அங்கேதான் போய் நின்றது. வலது கடைவாய்ப் பல்லுக்குள் யாரோ உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருந்தார்கள். வலியே, நீ இருப்பதாக இந்த நாட்டில் சொல்லக் கூடாது, தெரியுமா உனக்கு? தட்டல் நிற்கவில்லை.

முறுவல் நாட்டில் பல்வலி ஒழிக்கப்பட்டு ஓராண்டாகிறது. ஒழித்த விதம் எளிமையானது. குடிமக்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அரண்மனை வாசலில் கூடியபோது, இனி அதன் பெயர் வலி அல்ல, கூச்சம் என்று மன்னர் ஆணையிட்டார். கூச்சப்படுவது நல்ல குடிகளின் பண்பு என்பதால் சபை கைதட்டியது. கூச்சத்துக்கு வைத்தியம் எதற்கு என்று அடுத்த ஆணை. ஊரிலிருந்த பல் மருத்துவர்களின் துளைக்கருவிகள் பறிக்கப்பட்டன. சொத்தையைச் சுத்தம் செய்யாமலே பல்லின் மேல் பொன்னிற உறை மாட்டும்படி பிறகொரு ஆணை வந்தது. உறைக்குள் சீழ் கட்டிக் கன்னங்கள் வீங்கின. வீங்கிய கன்னங்களைச் செழிப்பின் கணக்கில் சேர்த்தார்கள். நாடு அதுவரை அப்படிச் செழித்ததில்லை.

ஆணைகளையெல்லாம் கோட்டை மாடத்தில் நின்று உரக்கப் படித்தவள் அரசின் அறிவிப்பாளரான வடிவுதான். படித்த சொற்கள் தன் வாய்க்குள்ளேயே தங்கி அழுகுகின்றனவோ என்று சில நாட்களாக அவளுக்கு ஒரு சந்தேகம்.

இன்று அமைச்சர் நாவரசர் அவளை அரண்மனைக்கு அழைத்திருந்தார். அருகே அரண்மனைப் பல் மருத்துவர். சாய்வு நாற்காலியும் விளக்கும் துளைக்கருவியும் ஆயத்தமாக இருந்தன.

"அம்மா வடிவு, நாளை அயல்நாட்டுத் தூதர்கள் வருகிறார்கள். 'எனக்கும் கூச்சம்தான் இருந்தது, உறை போட்டதும் போய்விட்டது' என்று மாடத்தில் நின்று நீ சொல்ல வேண்டும். அந்த வீங்கிய கன்னத்தோடு சொன்னால் இன்னும் சிறப்பு. சொல்வதாக ஒப்புக்கொண்ட கையோடு இப்போதே இவர் உனக்கு வைத்தியம் பார்ப்பார்."

"என்ன வைத்தியம்?" என்று மருத்துவரைக் கேட்டாள்.

"பல்லைத் திறந்து, செத்த நரம்பை எடுத்து, வேர் வரைக்கும் கழுவி அடைச்சிடுவேன்மா. பல் அப்படியே நிக்கும். தள்ளிப்போட்டா தாடை எலும்புல இறங்கிடும். காய்ச்சல் இருக்கா?"

"இருக்கு." அமைச்சர் பக்கம் திரும்பினாள். "கூச்சத்துக்கு எதுக்குங்க ஐயா வேர் வரைக்கும் போகணும்?"

"இது உயர்நிலைக் கூச்சம். அரண்மனைக்குள் மட்டும் வருவது."

"யாருக்கெல்லாம் வந்துச்சு?"

"மன்னருக்கே ரெண்டு பல்லு" என்று வாய்தவறிச் சொன்ன மருத்துவர், சுத்தமாகவே இருந்த கருவியை அவசரமாகத் துடைக்கத் தொடங்கினார்.

வடிவு நாற்காலியைப் பார்த்தாள். சாய்ந்தால் போதும், தூங்கலாம். எத்தனையோ சொல்லியாயிற்று, இன்னும் ஒன்று. எதிர்வீட்டுப் பூவாயி நினைவுக்கு வந்தாள். உறை போட்ட அன்று தெருவெல்லாம் சிரித்துக் காட்டியவள். வீக்கம் கழுத்துக்கு இறங்கி மூச்சடைத்துச் செத்தபோதும் செழிப்பின் கணக்கிலிருந்து அவளை யாரும் நீக்கவில்லை. அந்தக் கணக்கை மாடத்தில் படித்ததும் இதே வாய்தான்.

"ஒருமுறை சொல்லிப் பார், அம்மா" என்றார் அமைச்சர் கனிவாக. "எங்கள் முன்னால் சொல்வதில் என்ன இருக்கிறது? கூச்சப்படாதே."

"எனக்குக் கூச்சமே இல்லைங்க" என்றாள் வடிவு, மெதுவாக. "வலிக்குது. மாடத்துல ஏத்துனாலும் இதைத்தான் சொல்லுவேன்."

கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு, நாற்காலியைச் சுற்றி வாசலுக்கு நடந்தாள்.