பாப்பாவின் இடது பக்கம்

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. பாப்பா நன்றாக இருக்கிறாள். இதை முதலிலேயே சொல்லாவிட்டால் நீங்கள் கடைசி வரிக்குத் தாவிவிடுவீர்கள். ரத்தம் கொடுத்த கையோடு வேலைக்குத் திரும்பிவிட்டீர்கள். அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள்.

பாப்பாவுக்கு இருப்பது பிறவி இதயக் குறைபாடு என்றும், மேலறை இரண்டு, கீழறை இரண்டு, கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் ஓட்டை என்றும், இடது கீழறை ரத்தம் அதன் வழியாக வலது கீழறைக்குள் பாய்வதால்தான் பால் குடிக்கக்கூட அவளுக்கு மூச்சு வாங்குகிறது என்றும் டாக்டரம்மா படம் போட்டு விளக்கினார். வால்வு என்றால் ஒருவழிப்பாதை என்பதுகூட எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ஆனால் படத்தில் வலது பக்கம் இருந்த அறைக்கு 'இடது' என்று எழுதினார். டிரைவிங் ஸ்கூலில் ஊருக்கே இடம் வலம் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவன் நான். இவர் பக்கம் மாற்றி அறுத்துவிட்டால் என்ன ஆவது? கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று வாயை மூடிக்கொண்டு, ஆபரேஷன் அன்று காலை உங்கள் தங்கை முகம் கழுவப் போன நேரத்தில், பாப்பாவின் நெஞ்சில் மார்க்கரால் அம்புக்குறி போட்டு 'இடது' என்று எழுதிவிட்டேன்.

"யார் பார்த்த வேலை இது?" என்றார் டாக்டரம்மா.

"நான்தாம்மா. உங்க படத்துல பக்கம் மாறி இருந்துச்சு."

அவர் திட்டவில்லை. என் எதிரே வந்து நின்றார். "உங்க இடது கையைத் தூக்குங்க. அது எனக்கு வலது பக்கம்தானே தெரியுது? நோயாளி நம்மளப் பார்த்து இருக்கிற மாதிரிதான் படம் போடுவோம். பயமா இருந்தா கேட்டிருக்கலாமே" என்றார்.

பயம்தான் மச்சான். ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வண்டியில் எனக்கென்று தனி பிரேக் உண்டு. ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடியதும் மிதிக்க எதுவும் இல்லை. வெளியே வந்த டாக்டரம்மா, "ஓட்டையை அடைச்சாச்சு" என்றதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இப்போது பாப்பா ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்று கத்துகிறாள். அவருக்கும் உங்களுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இருந்தாலும், என் குறி சரியாக இருந்ததில் எனக்கும் சின்னப் பெருமை உண்டு.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
நன்றி மறவாத மாப்பிள்ளை

பி.கு.: இதைப் படித்த உங்கள் தங்கை இப்போதுதான் சொல்கிறாள், நான் எதிரே நின்று குறி போட்டது பாப்பாவின் வலது பக்கத்திலாம். டாக்டரம்மாவும் பார்த்தாராம். "பாவம், நடுங்கிட்டு இருந்தீங்க, அதான் ரெண்டு பேரும் சொல்லல" என்கிறாள். தையலோ இடதும் இல்லாமல் வலதும் இல்லாமல் நட்டநடு நெஞ்சில் இருக்கிறது.