உப்புத்தண்ணீர் விரதம்

வாய் நிறைய உப்புத்தண்ணீரோடு பின்கட்டுக் குழாயடியில் தணிகைமணி நின்றுகொண்டிருந்தபோதுதான் சமையலறையிலிருந்து அந்தக் கேள்வி வந்தது.

"இன்னாங்க, டீயா காபியா?"

துப்பிவிட்டுப் பதில் சொல்லலாம். ஆனால் துப்பினால் தண்ணீர் சிவப்பாக வரும். அதைப் புவனா பார்த்துவிட்டால் இன்னும் பத்துக் கேள்வி வரும். எனவே கன்னங்கள் இரண்டும் உப்ப, அசையாமல் நின்றான்.

புவனா வெளியே வந்தாள். நாலடி தள்ளியே நின்றாள்.

"கேக்கறது காதுல வுழல?"

தணிகைமணி ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினான். 'ஒரு நிமிஷம்' என்றுதான் அதற்கு அர்த்தம். புவனா அந்த விரலைப் பார்த்தாள், மூடிய வாயைப் பார்த்தாள், பிறகு கதவுக்குப் பின்னால் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்தாள்.

"ஆடி ஒண்ணாம் தேதி. மௌன விரதமா?"

அவன் தலையாட்டினான்.

"கிருத்திகை வரைக்குமா?"

அதற்கும் ஆட்டினான். வாயில் இருந்ததைத் துப்பினால் போதும் என்ற அவசரத்தில் ஒருவன் எதற்கு வேண்டுமானாலும் தலையாட்டுவான். புவனாவின் முகம் மாறிவிட்டது. கை கூப்பி மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, டீயா காபியா என்று கேட்டதையே மறந்து உள்ளே போனாள்.

திருத்தணியில் ஒருவன் மலைக்குப் போகிறேன் என்றால் எதற்கென்று யாரும் கேட்க மாட்டார்கள். விரதம் என்றால் அதைவிடக் கேட்க மாட்டார்கள். இந்த ஊரில் இருப்பதிலேயே வசதியான பொய் அதுதான். தணிகைமணி அதைத் தேடிப் போகவில்லை, அதுவாகவே வந்து வாயில் விழுந்தது.

விஷயம் இவ்வளவுதான். தணிகைமணிக்கு ஈறு நோய். போன செவ்வாய்க்கிழமை, வாராந்திர லீவில், ஸ்டேஷன் ரோட்டில் பல் டாக்டர் பிரேம்குமாரிடம் யாருக்கும் தெரியாமல் போய்க் காட்டினான். அவர் கம்பி ஒன்றை விட்டு ஒவ்வொரு பல்லாக ஆழம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல பை மாதிரி விட்டுடிச்சு சார். உள்ள எல்லாம் கல்லு. கீழ ரெண்டு முன்பல்லு ஆடுது. நாலு தடவை வாங்க, ஆழமா சுத்தம் பண்ணிடலாம். ஆனா இது சுகர் மாதிரி, போயிடுச்சுன்னு விடக் கூடாது. ஆயுசுக்கும் பாத்துக்கினே இருக்கணும்."

"பாத்துக்கலன்னா?"

"வருஷத்துக்கு ரெண்டு பல்லா போவும்."

ரத்தம் வருவதை அவன் தாங்கிக்கொண்டான். பல் ஆடுவதைக்கூடத் தாங்கிக்கொண்டான். தாங்க முடியாதது அந்த நாற்றம். கல்யாணமான புதிதில் புவனா அடிக்கடி சொல்வாள், "உங்க சிரிப்பப் பாத்துதான் ஆங்னு சொன்னேன், இல்லன்னா கண்டக்டருக்கு எவ கழுத்த நீட்டுவா?" என்று. அந்தச் சிரிப்பின் முதலீடெல்லாம் பல்தான்.

இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு நாள் பஸ்ஸில் நடந்த வேடிக்கை ஒன்றை அவள் காதருகே குனிந்து சொன்னான். புவனா சட்டென்று முந்தானையால் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். அன்றிலிருந்து அவனும் அவளிடம் பேசும்போது சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தான். இரவில் ஒரே கட்டிலில் இரண்டு முதுகுகள்தான் பேசிக்கொள்ளாமல் கிடந்தன. இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு பெண்டாட்டிக்குத் தன்மேல் அருவருப்பு வந்துவிட்டதே என்று அவனுக்கு உள்ளுக்குள் அழுகையாக இருந்தது.

அதனால் விரதம் நிம்மதியாகவே இருந்தது. சாயங்காலம் வரை.

சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது, தட்டுக்குப் பக்கத்தில் கிழித்த காலண்டர் தாள் ஒன்று இருந்தது. அதன் பின்பக்கத்தில் புவனாவின் கையெழுத்து.

'நானும் உங்களோட சேந்து விரதம். கிருத்திகை வரைக்கும் பேச மாட்டேன்.'

தணிகைமணிக்குச் சோறு இறங்கவில்லை. பேனாவை எடுத்து, 'உனக்கு எதுக்கு?' என்று எழுதினான்.

'உங்களுக்கு ஒரு வேண்டுதல்னா எனக்கு இல்லியா?' என்று அவள் எழுதினாள்.

தன் பொய்க்காக ஒரு பெண் வாயைக் கட்டிக்கொண்டாளே என்று அவன் கண் கலங்கியது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். அவள் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்து, பேசாதே என்று கையைக் காட்டினாள். தன் வாய் நாற்றத்துக்குத்தான் அவள் நகர்கிறாள் என்று எண்ணி அவன் வாயை மூடிக்கொண்டான்.

பேச்சை விடுவதற்கு முன் புவனா கடைசியாகப் பேசியது பக்கத்து வீட்டு ஜெயம்மாளிடம். ஜெயம்மாளிடம் சொன்ன பிறகு ஊருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் தணிகைமணி வழக்கம்போலக் கூவிக்கொண்டிருந்தான். விரதமெல்லாம் வீட்டோடு என்பது அவன் கணக்கு.

"பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு! பொதட்டூர்பேட்டை, பள்ளிப்..."

ஜெயம்மாள் கூடையோடு வந்துகொண்டிருந்தாள். 'பட்டு' தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"இன்னாணா, பாதியில நிறுத்திட்ட?" என்று டிரைவர் வேணு இருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்தான்.

"டேய், அவுரு மௌன விரதம்டா. பேச வெக்காத, பாவம் உன்னிய வந்து சேரும்" என்றாள் ஜெயம்மாள். அவள் வாரத்தில் நாலு நாள் பொதட்டூர்பேட்டையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறவள். ஆகவே பஸ்ஸிலும் வாயை மூட வேண்டியதாயிற்று.

கண்டக்டர் பேசாத பஸ் எப்படி ஓடும் என்று நினைக்கலாம். நன்றாகவே ஓடியது. இருபத்தைந்து வருஷம் தொண்டை கிழியக் கத்தியும் படியை விட்டு உள்ளே ஏறாத பையன்கள் அவனுடைய ஒரு பார்வைக்கு ஏறினார்கள். கிழவிகள் டிக்கெட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பள்ளிப்பட்டு நெசவுக்காரர் ஒருவர் இறங்கும்போது படியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போனார்.

தொல்லை விசிலில் வந்தது. வாயால் சொல்ல வேண்டியதையெல்லாம் விசிலால் சொல்ல வேண்டியிருந்தது. வீங்கிய ஈறில் விசில் அழுந்தி அழுந்தி, மூன்றாம் நாள் கீழுதட்டில் ரத்தம் கசிந்தது.

"ஐயோ, வாயில ரத்தம்!" என்று ஒரு பெண் எழுந்து நின்றாள்.

ஜெயம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "முருகா! அலகு குத்தாமலே ரத்தம் வர வெக்கிறியே!"

பஸ் முழுக்க அரோகரா போட்டது. வேணு பயந்துபோய் வண்டியை ஓரங்கட்டினான். தணிகைமணி தோல்பையால் வாயை மறைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். புனிதராக இருப்பது இவ்வளவு வலிக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

மத்தியானம் பள்ளிப்பட்டில் பஸ் நின்றிருந்தபோது பின்சீட்டில் ஒளிந்துகொண்டு, டாக்டர் கொடுத்திருந்த குட்டி பிரஷ்ஷால் பல் இடுக்குகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். வேணு வந்து எட்டிப் பார்த்தான்.

"இன்னாணா இது? பாட்டில் கழுவுற பிரஷ் போட்ட குட்டியா?"

தணிகைமணி பிரஷ்ஷை மடக்கி, கண்ணை மூடிக்கொண்டு கைகூப்பினான். இதுவும் வழிபாடு போலிருக்கிறது என்று வேணு செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

வீட்டிலும் திருட்டுத்தனம் பெருகியது. வலி வந்தால் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்திலிருந்த கிராம்பு டப்பாவில் ஒன்றை எடுத்து ஈறில் அடக்கிக்கொள்வான். ஒரு நாள் பார்த்தால் டப்பாவின் அடி தெரிந்தது. தான் தின்றது நாலோ ஐந்தோதான், ஆனாலும் புவனா கண்டுபிடித்துவிடுவாளே என்று பயந்து, கடையில் ஒரு பொட்டலம் வாங்கி வந்து ரகசியமாகக் கொட்டினான்.

மறுநாள் டப்பாவைத் திறந்தான். மூடியைத் தள்ளிக்கொண்டு கிராம்பு பொங்கி வழிந்தது.

அவனுக்கு மயிர் சிலிர்த்தது. பொய் விரதத்துக்கே அட்சயபாத்திரம் கொடுக்கிறானே முருகன், இதற்கு எப்படிப் பதில் சொல்லப்போகிறோம் என்று டப்பாவின் முன்னாலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டான். உப்பு ஜாடியும் அப்படித்தான், தீர்வதும் நிறைவதுமாக இருந்தது. அவன் செவ்வாய்தோறும் மலைக்கு என்று ஜாடை காட்டிவிட்டு டாக்டரிடம் போவான், வரும்போது கிளினிக்குக்குக் கீழே இருக்கும் கடையில் விபூதிப் பொட்டலம் வாங்கி வருவான். புவனா வெள்ளிதோறும் மலைக்கென்று கிளம்பிப் போய், அதேபோலப் பொட்டலம் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பாள். அவள் விபூதிக்குப் பக்கத்தில் தன் விபூதியைப் பார்க்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

வேலூரில் படிக்கும் மகள் கயல்விழி வீடியோ காலில் வந்தாள்.

"அம்மா! நைனா! இன்னா ரெண்டு பேரும் சும்மா கைய ஆட்டிகினு இருக்கீங்க? சத்தம் வரல."

புவனா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மலைப் பக்கம் கை காட்டினாள். தணிகைமணியும் காட்டினான்.

"சண்டையா? ஐயோ, நான் இன்னிக்கே பஸ் ஏறி வரேன்!"

அதைத் தடுக்க இருவரும் சேர்ந்து ஒரு நோட்டுப் பக்கம் முழுக்க எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. எழுதும்போது புவனாவின் கை அவன் கைமேல் பட்டது. இரண்டு மாதத்தில் அவள் இவ்வளவு கிட்டே வந்தது அன்றுதான். வாயை மூடிக்கொண்டால்தான் பக்கத்தில் வருகிறாள் என்று அவன் மனசு கசந்தது.

கிருத்திகைக்கு ஆறு நாள் இருக்கும்போது ஜெயம்மாள் பெரிய செய்தியோடு வந்தாள். கூடவே தங்கவேல். காவடி எடுப்பவர்களுக்கு அலகு குத்திப் பழகிய கை.

"தெருவே கூடி முடிவு பண்ணிட்டோம். இம்மாந் தீவிரமா விரதம் இருந்துட்டு சும்மா மலையேறினா நல்லாவா இருக்கும்? கிருத்திகையன்னிக்கி ரெண்டு பேருக்கும் வாய்ப்பூட்டு. இந்தக் கன்னத்துல வுட்டு அந்தக் கன்னத்துல எடுக்கறது. வெள்ளி வேலு ரெண்டு, சொல்லியாச்சு."

புண்ணாகிக் கிடக்கும் ஈறு, ஆடும் பல், அதற்கு நடுவே ஒரு வேல். தணிகைமணி வேகமாகத் தலையை இடமும் வலமும் ஆட்டினான். புவனா அவனைவிட வேகமாக ஆட்டினாள்.

"பாத்தியா தங்கவேலு, அடக்கத்த?" என்று ஜெயம்மாள் உருகினாள். "நாங்க எம்மாத்திரம்னு சொல்றாங்க!"

தங்கவேல் கன்னத்தைத் தொட்டுப் பார்க்க வந்தான். தணிகைமணி இரண்டு கையாலும் கன்னத்தைப் பொத்திக்கொண்டான்.

"ஆங், பயப்படாதீங்க. எறும்பு கடிச்சாப்பல இருக்கும்" என்றான் தங்கவேல் கனிவாக.

அவர்கள் போன பிறகு சமையலறையில் விசும்பல் கேட்டது. புவனா அடுப்பைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தாள். அவன் தாளை நீட்டினான். 'பயமா?'

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். 'எனக்கு இருக்கட்டும். உங்களுக்குக் குத்த வேணாம்.'

அந்த ஒரு வரி அவனை உடைத்துவிட்டது. நாற்றத்துக்கு முகத்தைத் திருப்பினாலும் அவள் மனசு திரும்பவில்லை. தன் வாயைக் காப்பாற்ற ஒரு பொய்யைச் சொல்லி, இவள் கன்னத்தில் வேலைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டோமே. போகட்டும், பல்லெல்லாம் உதிர்ந்தாலும் சரி, அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாலும் சரி, சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். ஆனால் தனியாகச் சொல்லத் தைரியம் வரவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, நாலாவது தடவை. டாக்டர் பிரேம்குமார் விளக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு தலையசைத்தார்.

"ஈறு இறுகிகினு வருது சார். நாத்தமும் போயிடுச்சு. பல்லு நிக்கும். தினம் ரெண்டு வேளை அந்தக் குட்டி பிரஷ்ஷ மறக்காதீங்க, மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்துடுங்க."

"டாக்டர், கன்னத்துல வேல் குத்தினா?"

டாக்டர் விளக்கை அணைத்தார். "இப்பத்தான் ஆறிகினு வருது. சீழ் புடிச்சா நான் பொறுப்பில்ல. வீட்ல யாரயாவது கூட்டியாங்க, நானே சொல்றேன்."

தணிகைமணி வெளியே வந்து, முன்னறை மேஜையில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்த மோகனப்ரியாவின் எதிரே நின்றான். மூன்று வாரமாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் அந்தப் பெண்ணிடம் கொட்டிவிட்டது.

"நாளைக்கி என் வீட்டுக்காரியக் கூட்டியாரேன்மா. ஒரு நேரம் போட்டுக் குடு. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. என் வாய் நாத்தம் தாங்காம மூஞ்சத் திருப்பிக்கினா, அந்த வெக்கத்துல விரதம்னு பொய் சொல்லிட்டேன். அவ பாவம், நெசம்னு நம்பி, எனக்காகத் தானும் பேசாம கெடக்கறா. டாக்டர் முன்னால கால்ல வுழுந்துடறேன்."

"அழாதீங்க சார். மேடம் பேரு சொல்லுங்க."

"புவனா."

"போன் நம்பர்?"

சொன்னான். மோகனப்ரியா நம்பரைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வர்ற புவனாக்கா வீட்டுக்காரரா சார் நீங்க? 'என் வாய் நாத்தம் தாங்காம அவுரு செவுத்தப் பாத்துப் பேசறாரு, நல்ல வேள அவுரே மௌன விரதம்னாரு, நானும் கூடவே சேந்துக்கினேன்'னு சொல்லி, உங்கள மாதிரியே இதே எடத்துல நின்னு அழுதாங்களே!"